கர்ப்பகாலத் தலைவலி



போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு அதிகாலையில் ஜீப் ஏறும் கர்ப்பவதிகளுக்குத் தலைவலி வருவது சகஜம். வெறும் வயிறும், தண்ணீர் குடியாமையும், தூக்கக் குறைவுமே பெரும்பாலும் காரணம். நேரத்துக்கு ஆகாரம், போதிய தண்ணீர், நெற்றியில் ஈரத்துணி, சற்று ஓய்வு, இவற்றில் அது தீரும். தீராவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுக்கலாம். வேறு வலி மாத்திரைகளைக் கடையில் தாங்களாக வாங்கி விழுங்கக் கூடாது.

"வெறும் தலைவலிதானே, ஐயா" என்று வார்டில் எங்களிடம் சொல்வார்கள். ஆனால் 20 வாரத்துக்குப்பின் விடாத தலைவலியோடு பார்வை மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி இருந்தால், தைலம் தேய்த்துக் காத்திருக்கலாகாது. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை சேர வேண்டும். தாமதித்தால் வலிப்பு வந்து தாயும் சேயும் மரிக்கக்கூடும். மக்னீசியம் சல்பேட் ஊசி அந்த வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறதென்று, 33 நாடுகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது.

போடிமெட்டிலிருந்து கீழே வர 17 கொண்டை ஊசி வளைவுகள். வலிப்பு வருமுன், தலைவலியோடேயே இறங்கிவிட வேண்டும். உங்கள் சபையிலும் தலைவலி என்று சொல்லும் கர்ப்பவதியிடம், "பிரஷர் பார்த்தாயா அம்மா?" என்று கேளுங்கள். அதுவும் ஓர் ஊழியமே.