வரி இல்லை என்றால் கணக்கும் இல்லையா?

 

2025 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு நம் மஹல்லாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லையாமே, இனி ரிட்டர்ன் எதற்கு?” வரி கட்ட வேண்டாம் என்பது வேறு, கணக்குக் காட்ட வேண்டாம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வரும் சிரமங்களை இவ்விதழில் பார்ப்போம்.

1. பன்னிரண்டு லட்சத்தின் பொருள்

புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டு முதல், 4 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். ஆக, 12 லட்சம் வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரி வருகிறது. அந்த 60,000 ரூபாயைத்தான் அரசு தள்ளுபடி செய்கிறது. சம்பளம் வாங்குவோருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் வரை வரி வராது.

ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் தாக்கல் செய்வது கட்டாயம். வருமானம் குறைவாக இருந்தாலும், ஆண்டு மின்கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தாக வேண்டும். பல ஆண்டுகள் வைத்திருந்த நிலத்தையோ வீட்டையோ விற்ற லாபத்துக்கு வரி தனி விகிதத்தில் வரும். மேற்சொன்ன தள்ளுபடி அதற்குப் பொருந்தாது.

2. வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள்

வளைகுடாவிலிருந்து பெற்றோருக்கோ மனைவிக்கோ அனுப்பும் பணம், பெறுபவருக்கு வரிக்குரிய வருமானம் ஆகாது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 12 லட்சத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருப்பவருக்கு ஊரிலுள்ள கடை, வீட்டு வாடகை மூலம் 4 லட்சத்துக்கு மேல் வருமானம் வந்தால் அவர் வரி கட்ட வேண்டியிருக்கும். “பன்னிரண்டு லட்சம் வரை இல்லையே” என்று குடும்பத்தார் இருந்துவிட்டால், நோட்டீஸ் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

3. கடைக்காரர்கள் கவனத்துக்கு

வருமான வரி லாபத்தைப் பார்க்கிறது, ஜி.எஸ்.டி. விற்பனைத் தொகையைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்போர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். உணவகமும் சேவைக் கணக்கில்தான் வரும். நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விற்கும் பிரியாணிக் கடையே ஓராண்டில் 20 லட்சத்தை எட்டிவிடும். லாபம் எவ்வளவு குறைவு என்பது இங்கே கேள்வியே இல்லை.

2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வியாபாரிகள் பலருக்கு, யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தைக் கணக்கிட்டு ஜி.எஸ்.டி. நோட்டீஸ்கள் சென்றன. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை விற்றவர்களும் அதில் இருந்தனர். வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தாம் விற்றது அதுதான் என்று காட்ட அவரிடம் கணக்கு இருக்க வேண்டும்.

விகிதங்களும் மாறியுள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பழைய விகிதத்தில் பில் போடும் ஜவுளிக் கடைக்காரர்கள் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

வருமான வரியில், சிறு வியாபாரிகள் ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும், வங்கி அல்லது யு.பி.ஐ. வழி வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டும் வசதி உண்டு. இது குறைந்தபட்ச அளவு. உண்மை லாபம் அதிகமென்றால் உள்ளதைக் காட்டுவதே முறை.

4. அழகிய கடன்

நம் குடும்பங்களில் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவுவது அல்லாஹ்வின் அருளால் இன்றும் இருக்கிறது. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. உதவி பெற்றவரே சிக்கலில் மாட்டுவார். எனவே வங்கி வழியாகவே கொடுங்கள், வங்கி வழியாகவே திருப்புங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. இவ்விஷயத்தில் மார்க்கமும் சட்டமும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன.

5. ஸகாத்தும் நன்கொடையும்

ஸகாத் கொடுத்ததால் வருமான வரி குறையாது. அது இபாதத், அதன் கணக்கு வேறு. 80ஜி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது.

நாம் செய்ய வேண்டியவை

• கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வீட்டுப் பணமும் மகன் அனுப்பும் பணமும் அதில் கலக்க வேண்டாம்.

• வருமான வரி இணையதளத்தில் உங்கள் ஏ.ஐ.எஸ். அறிக்கையைப் பாருங்கள். வங்கி வட்டி, சொத்து வாங்கியது, விற்றது எல்லாம் அதில் இருக்கும். ரிட்டர்னில் நீங்கள் காட்டுவது அதனோடு பொருந்த வேண்டும்.

• கடைசித் தேதியை ஒவ்வோர் ஆண்டும் விசாரியுங்கள். 2025இல் ஜூலை 31 என்றிருந்தது செப்டம்பர் 16 வரை நீண்டது. எல்லா ஆண்டும் அப்படி நீளாது.

• 2026 ஏப்ரல் 1 முதல், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களும் படிவங்களும் மாறுவதால், பழைய பழக்கத்தில் நிரப்பாமல் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நாளை ஒரு வீடு வாங்கும்போதோ, பிள்ளையின் விசாவுக்கு வருமானம் காட்டும்போதோ, இந்தப் பணம் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். ஹலாலாகச் சம்பாதித்த பணத்துக்குக் கணக்கு இல்லாமல் தலைகுனிந்து நிற்கும் நிலை நம்மில் யாருக்கும் வர வேண்டாம். பெண்களும் இதைப் படித்து, வீட்டில் பேசி, இந்த மாதமே காகிதங்களை ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக!

வஸ்ஸலாம்.
செயலாளர்