வேல் என்றால் வெற்றியா? சிக்கல் சொல்லும் அர்த்தம்



சொந்தங்களே, 48 நாள் வேல்மாறல் படிச்சுட்டு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். கடைசி ரவுண்டுல தோத்துட்டு ஊருக்கு வந்தேன். "வேல்னா வெற்றின்னுதானே ஃபார்வர்டு எல்லாம் சொல்லுது, அப்புறம் ஏன் இப்படி?"ன்னு அப்பாயிகிட்ட கேட்டேன். அவங்க சொன்ன பதில் கடைசியில் இருக்கு. முதலில் சொல்லைப் பார்ப்போம்.

வெல் – வேல்

பெறு என்பது நீண்டு பேறு ஆகிறது. கெடு, கேடு ஆகிறது. சுடு, சூடு ஆகிறது. ஸ்கூல்ல படிச்ச 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' இதுதான். இதே மாதிரி வெல் நீண்டு வேல் ஆச்சு என்பதுதான் நாம் கேட்கும் விளக்கம். இலக்கணம் இதற்கு இடம் கொடுக்குது. ஆனா பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் வெல்லும் வேலும் தனித்தனிப் பதிவுகள். எப்படிப் பார்த்தாலும் வேலுக்கு முதல் பொருள் ஆயுதம்தான்: நீண்ட காம்பு, நுனியில் கூரான அலகு. அந்த அலகு இலை வடிவில் இருப்பதால் சங்கப் பாடல்களில் அதுக்குப் பேரே 'இலை'.

வேல் வேறு, வேள் வேறு

ஸ்டேட்டஸ்ல நிறைய பேர் 'வெற்றிவேள்'னு டைப் பண்றாங்க. அது தப்பு. வேள் என்றால் விரும்பப்படுபவன். செவ்வேள் என்ற முருகன் பெயரில் வருவது இந்த ள். வேலன், வேலவன், வேலாயுதம், சக்திவேல் எல்லாத்துலயும் ஆயுதத்தின் ல். சங்க காலத்தில் வேலைக் கையில் ஏந்தி வெறியாட்டு ஆடிய பூசாரிக்கும் வேலன் என்றே பெயர்.

சக்தியும் வேலும்

சமஸ்கிருதத்தில் 'சக்தி' என்றால் ஆற்றல். அதே சொல் ஈட்டி போன்ற ஆயுதத்தையும் குறிக்கும். அதனால்தான் முருகனுக்கு சக்திதரர் என்று பெயர். இப்போ 'சக்திவேல்' என்று சொல்லிப் பாருங்க. அம்மா கொடுத்த வேல், ஆற்றலான வேல், இரண்டும் ஒரே சொல்லில் வந்துடுது.

சிக்கலில் வேல் வாங்கி...

'சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்' என்பது நம்ம டெல்டா பழமொழி. சிக்கல், நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கு. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம்தான். அங்கே அம்பாள் பெயரே வேல்நெடுங்கண்ணி, அதாவது வேல் போல நீண்ட கண்ணை உடையவள். ஐப்பசி கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் மாலை சிங்காரவேலர் அந்தத் தாயிடம் வேல் வாங்குகிறார். அப்போ அவர் திருமுகத்தில் முத்து முத்தா வியர்வை அரும்பும், குருக்கள் பட்டுத்துணியால் ஒத்தி எடுப்பார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம்.

அப்பாயி இதைத்தான் சொன்னாங்க: "வேல் வாங்குறப்ப அந்தச் சாமிக்கே வேர்க்குதுடா தம்பி. சம்ஹாரம் மறுநாள்தான். நீ வாங்கின அன்னைக்கே ஜெயிக்கணுங்கிற."

அப்போதான் புரிஞ்சுது. வேல் என்பது கையில் கிடைச்ச வெற்றி இல்லை, வெல்வதற்கான கருவி. அந்த வேல் சூரனைக்கூட இல்லாமல் ஆக்கவில்லை. மாமரமாக நின்றவனைப் பிளந்து மயிலும் சேவலுமாக மாற்றி முருகனிடமே சேர்த்தது. பெரியவங்க வேலை அறிவுக்கு உவமையா சொல்வாங்க: நுனி போலக் கூர்மை, நடு போல அகலம், காம்பு போல ஆழம். நான் தோத்த ரவுண்டுல இல்லாதது அந்த ஆழம்தான். பாடத்தை மறுபடி முதல்லேருந்து எடுத்திருக்கேன். வேல்மாறலையும் விடலை.

அடுத்த முறை 'வெற்றிவேல்' சொல்லும்போது சிக்கலின் அந்த வியர்வையையும் நினைச்சுக்கோங்க. டைப் பண்ணும்போது ல் சரியா போடுங்க!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!