பள்ளிகளில் திறந்த மூல மென்பொருள்: கேரளத்தின் அனுபவம்

திறந்த மூல மென்பொருளை உரிமக் கட்டணமின்றிப் படியெடுக்கலாம், பிறருடன் பகிரலாம், மூல நிரலைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கலாம். நிதி வசதி குறைந்த பள்ளிகளுக்கு இது பெரும் வாய்ப்பாகும். எனினும், விலையின்மை மட்டுமே ஒரு மென்பொருளை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிடுவதில்லை. பழகிய முறையைக் கைவிடத் தயங்கும் ஆசிரியருக்கு உறுதுணை தேவை. இத்துணையை முறையாக அமைத்துத் தந்ததே கேரளத்தின் வெற்றிக்கு அடிப்படையாகும்.

மாற்றம் நிகழ்ந்த விதம்

கேரள அரசு 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தனியுரிமை மென்பொருளே பாடத்தில் இடம்பெற்றது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இதனை எதிர்த்தனர். அதன் பின்னர், லினக்ஸ் அடிப்படையிலான மென்பொருள் படிப்படியாகப் புகுத்தப்பட்டது. மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளுக்கு முதன்மை அளித்தது.

மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, பாடத்திற்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தும் ஒரே தொகுப்பாக, மலையாள மொழி வசதியுடன் வழங்கப்பட்டன. எதனை எங்கே பெறுவது என்று பள்ளிகள் தேடவேண்டியதில்லை. இரண்டாவது, ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வகுப்பறையின் இடர்ப்பாடுகளை அறிந்தவர்களே பயிற்றுவித்தமையால் தயக்கம் குறைந்தது. மூன்றாவது, பாடநூலும் செய்முறைத் தேர்வும் அதே மென்பொருளைச் சார்ந்து அமைந்தன. தேர்வில் இடம்பெறாத எதுவும் வகுப்பில் நிலைப்பது அரிது என்பதைக் கல்வி அலுவலர்கள் நன்கறிவர்.

இத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் மாணவர்களுக்கான 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் தொடங்கப்பட்டன. பள்ளியின் கருவிகளைப் பேணுவதில் மாணவரும் பங்கு பெற்றனர்.

சிக்கனமும் முதலீடும்

2019-இல் உபுண்டு அடிப்படையிலான புதிய தொகுப்பு வெளியிடப்பட்டபோது, இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் ஏறத்தாழ ரூ.3,000 கோடி உரிமச் செலவு தவிர்க்கப்படும் என்று 'கைட்' மதிப்பிட்டது. இது கட்ட வேண்டியிருக்கக்கூடிய உரிமத் தொகையின் கணக்கேயன்றிக் கையிருப்பாகும் பணமன்று. பயிற்சிக்கும் பராமரிப்பிற்கும் நிதி ஒதுக்கியே தீரவேண்டும். அவ்வாறு ஒதுக்காவிடில், இலவச மென்பொருளும் பூட்டிய அறையில் உறங்கும்.

இவ்வழியை மேற்கொள்ள விரும்பும் பிற மாநிலங்கள், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே ஆசிரியர் பயிற்சிக்குத் திட்டமிடுதல் நலம்.