அடிக்காமல் நாயைப் பழக்கலாம்!



எங்க வீட்டு நாய் பெயர் மணி. அத்திப்பட்டு ரோட்டில் லாரிகள் ஓயாது. கதவைத் திறந்தால் மணி ரோட்டுக்குப் பாயும். அப்பா குச்சியால் அடித்தார். அது அப்பாவைக் கண்டு ஒளிந்ததே தவிர, ஓட்டத்தை விடவில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1930-களில் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும். எலி திரும்பத் திரும்ப அழுத்தியது. பரிசு கிடைக்கும் செயல் பழக்கமாகிவிடும்!

நான் செய்த முறை:

1. டீக்கடைப் பொறையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தேன்.
2. "உட்காரு" என்பேன். உட்கார்ந்த உடனே ஒரு துண்டு, ஒரு "சபாஷ்". தாமதித்தால் எதுக்குப் பரிசு என்று அதற்குப் புரியாது.
3. தினமும் 5 நிமிடம். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொன்னோம்.
4. பிறகு கதவைக் கொஞ்சம் திறப்பேன். பாய்ந்தால் கதவு மூடும், பொறை கிடையாது. உட்கார்ந்தால் உண்டு.
5. பழகியதும் பொறையைக் குறைத்துத் தட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில், கதவு திறந்தால் மணி உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. ஆனாலும் ரோட்டுக்குக் கயிறு கட்டித்தான் கூட்டிப் போவேன். அப்பா குச்சியை அடுப்பில் போட்டுவிட்டார்!

கவனம்: நாய்க்குச் சாக்லேட், வெங்காயம் கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரியில் ஊசி போடுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி