வீட்டுக்குத் தனிப் பத்திரமா?

என் பெயரில் பத்திரமும் பட்டாவும் உள்ள மனையில், அனுமதி வாங்கி வீடு கட்டி முடித்துவிட்டேன். வீட்டைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம்; முத்திரைத்தாள் வாங்கக் கிளம்பியிருந்தால் திரும்பி வாருங்கள். சார்பதிவாளர் பதிவது செங்கல்லை அல்ல, ஆவணத்தை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கட்டாயமாக்குவதும் விற்பனை, தானம் போன்ற பத்திரங்களின் பதிவைத்தான். உங்கள் மனை கைமாறவில்லை. எனவே புதிதாக எழுத எதுவும் இல்லை. ‘அப்படியானால் வீட்டுக்கு என்ன சாட்சி?’ என்பீர்கள். மனைப் பத்திரத்தோடு அனுமதி முத்திரை விழுந்த வரைபடம், உங்கள் பெயரில் சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவைதான். கடன் தரும் வங்கியும் கேட்பது இவற்றையே. ‘பின்னாளில் விற்கும்போது சிக்கல் வராதா?’ அன்றைய கிரயப் பத்திரத்தில் கட்டடத்தையும் அதன் மதிப்பையும் மறைக்காமல் காட்டினால் வராது. இப்போதைக்குப் பத்திர எழுத்தரை விட்டுவிட்டு, சொத்துவரி விதிக்கக் கோரி மாநகராட்சியில் மனு கொடுங்கள்.