புகை வளையம் போடும் குட்டி விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் பறந்த இத்தாலியப் போர் விமானம் மக்கி சி.202 ஃபோல்கோரே. 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலில் அதன் இறக்கைகள் நுனிக்கு நுனி 15 செ.மீ.கூட வராது. ஒட்டும்போது இடது இறக்கை சற்று நீண்டு தெரிந்தால் அரத்தை எடுத்துவிடாதீர்கள். புரொப்பல்லர் சுழலும்போது விமானம் ஒருபக்கமாகச் சாயும். அதை ஈடுகட்ட, அசலிலேயே அந்த இறக்கையை ஏறக்குறைய 20 செ.மீ. நீட்டி வைத்திருந்தார்கள். உங்கள் மாடலில் அது 3 மி.மீ.க்கும் குறைவுதான்.

உண்மையான சோதனை வண்ணத்தில் இருக்கிறது. மணல் நிறத்தின் மேல் கரும்பச்சை வளையங்கள், பார்க்கப் புகைச் சுருள் மாதிரி. பிரஷ்ஷால் போட்டால் தடித்துவிடும். ஏர்பிரஷ் இருந்தால் பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுத்தத்தைக் குறைத்து, நுனியை மாடலுக்கு மிக அருகில் பிடியுங்கள். முதலில் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் பழகுங்கள். வளையங்கள் ஒரே அளவில் வரிசையாக அமைந்தால் புடவை டிசைன் போலாகிவிடும். சிலது உடைந்தும் கோணியும் இருக்கட்டும். ஏர்பிரஷ் இல்லையா? வளையங்களே டெக்காலாக (ஒட்டுப்படமாக) கிடைக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடல்பகுதியைச் சுற்றிவரும் வெள்ளைப் பட்டையை முதலிலேயே அடித்து, காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். கருநிறத்தின் மேல் வெள்ளை எடுபடாது. டெக்கால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் மங்கல் வார்னிஷ்.

நீங்கள் ஒட்டுவது ஃபியட் சி.ஆர்.42 என்ற இரட்டை இறக்கை விமானம் என்றால், மேல் இறக்கையைக் கடைசியில் பொருத்துங்கள். எந்த மாடலானாலும் ஜன்னலைத் திறந்துவைக்க மறக்காதீர்கள். பசை நெடி தலைவலி தரும்.