முதியோர் இல்லத்தில் காயமா? வழக்குக்கு முன்

இல்லத்தில் விட்ட அத்தாவுக்குப் படுக்கைப்புண் என்று திருவெள்ளறையிலிருந்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, புரட்டிப் படுக்கவைத்த குறிப்பேடு உண்டா என்பதே. புண் மட்டும் வழக்காகாது. நல்ல கவனிப்பிலும் சிலருக்கு வரும். புரட்டாமல், டாக்டரிடம் காட்டாமல் விட்டார்கள் என்று காட்ட வேண்டும். தேதியுடன் போட்டோ, பண ரசீது, மருத்துவச் சீட்டு மூன்றையும் உடனே எடுத்து வையுங்கள்.

பணம் வாங்கும் இல்லமென்றால் 2 ஆண்டுக்குள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாக நடத்தும் இல்லத்தின் மேல் இந்த வழி செல்லாது, காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். இலவசமாயிற்றே என்று பலர் வாய் திறப்பதில்லை, அது தவறு. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்தில் சேர்த்த முதியவரைக் காணோமென்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே, 2023-இல் அங்கு நடந்தவை வெளியே வந்தன. முதியோர் உதவி எண் 14567.